விமலாராணி ஒப்படைத்த வீடு

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் விமலாராணி. இளம் வயதிலேயே கணவரை இழந்து, விருத்தாசலத்தில் அண்ணன் பிலோமின்ராஜ் வீட்டுக்கு வந்தார். தாயில்லாத அண்ணன் பிள்ளைகள் பிரின்ஸையும் டெய்சியையும் அவர்தான் வளர்த்தார். டெய்சி தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய்விட்டாள். அதன் பிறகு தங்கையின் பேரையே எடுக்கவில்லை பிரின்ஸ்.

மாசியில் அண்ணன் இறந்தார். பதிவு செய்திருந்த உயிலில், பீங்கான் பொம்மைப் பட்டறை பிரின்ஸுக்கு, வீடு டெய்சிக்கு. நிறைவேற்றும் பொறுப்பு விமலாராணிக்கு. அவருக்கென்று எதுவும் இல்லை. "உனக்கும் பங்கு இருந்தா ரெண்டு பேரும் உன்ன நம்ப மாட்டாங்க" என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பிரின்ஸ் வந்தான்.

"அத்த, இந்தப் பொறுப்பு வேணாம்னு எழுதிக் குடுத்துடுங்க. அவளுக்கு வூடு போவக் கூடாது. கடைசி வரைக்கும் நீங்க இந்த வூட்லயே இருக்கலாம்."

இந்த வீட்டை விட்டால் அவருக்குப் போக்கிடமில்லை. எதிரில் நிற்பவனோ, அம்மை போட்டபோது மடியிலேயே வைத்துக் காத்த பிள்ளை.

"எங்கண்ணன் கேட்டப்ப சரின்னவ நானு. இப்ப பின்வாங்க மாட்டேன், தம்பி."

"அப்ப நீங்க எனக்கு அத்தையே இல்ல."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். விமலாராணி அழுதார். மறுநாள் வக்கீல் கொளஞ்சிநாதனைப் பார்க்கப் போனார்.

"மொதல்ல அவரு வெச்ச பாக்கியத் தீத்துடுங்க. அப்புறம்தான் பங்கு. அதுவரைக்கும் ஒரு சாமானும் வெளிய போவக் கூடாது" என்றார் வக்கீல்.

இறப்புச் சான்றிதழுக்கும் பேங்குக்கும் அலைந்தார். ஆஸ்பத்திரிக்கும் களிமண் லாரிக்காரருக்கும் அண்ணன் கணக்கிலிருந்தே கொடுத்து ரசீது வாங்கினார். டிவியை எடுக்க பிரின்ஸ் ஆள் அனுப்பியபோது வாசலில் நின்று திருப்பி அனுப்பினார்.

எல்லாம் தீர்ந்ததும் பட்டறைக்கே போய்ச் சாவியை நீட்டினார். பிரின்ஸ் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

வீட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள டெய்சி வந்தபோது விமலாராணியின் பெட்டி வாசலில் இருந்தது. கோயில் தெருவில் ஒரு அறை பார்த்திருந்தார்.

"எங்க போறீங்க அத்த? எங்களோட இருங்க."

"வரேன்டி. வரி, கரண்டு எல்லாம் உன் பேருக்கு மாறட்டும். அதுக்கு முன்னாடி நான் இங்க இருந்தா, தனக்காகத்தான் இவ அலைஞ்சான்னு ஊரு பேசும்."

பெயர் மாற ஆடி வரை ஆனது. மாறிய பிறகுதான் பெட்டியோடு திரும்பினார். பிரின்ஸ் இன்னும் பேசவில்லை. ஞாயிறு பூசையில் அவனைக் கண்டால், அவன் முகம் திருப்பினாலும், "சாப்டியா தம்பி?" என்று கேட்காமல் அவர் வருவதில்லை.