அமீர்பேட்டில் ஒரு மிஸ்டு கால்

என் கல்லூரித் தோழி ஸ்டெல்லாவின் வீடு கொண்டாப்பூரில். சனிக்கிழமைகளில் அமீர்பேட்டில் மெட்ரோ மாறும்போது அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். நான் போவதற்குள் டீ தயாராகிவிடும். "இஞ்சியே இல்லடி" என்பேன். "நக்கோன்னா வெச்சிடு" என்று, 'வேண்டாம்' என்பதற்கு இந்த ஊர் உருதுச் சொல்லைப் போட்டு முறைப்பாள்.

அவள் இறந்து இரண்டு மாதம் கழித்து, வேறு வேலையாக அமீர்பேட்டில் மெட்ரோ மாறினேன். பழக்கதோஷத்தில் விரல் அவள் எண்ணை அழுத்திவிட்டது. பதறிப்போய்த் துண்டித்தேன்.

உடனே அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவள் மகள். தமிழில் கேட்டாலும் தெலுங்கில்தான் பதில் சொல்லும் பெண்.

"ஆன்ட்டி, டீ வெச்சிட்டேன். வாங்க" என்றாள், தமிழில்.

போனேன். டீயில் நிஜமாகவே இஞ்சி இல்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றேன்.

ஸ்டெல்லாவிடம் ஒருநாளும் நான் அப்படிச் சொன்னதில்லை.