ஒட்டகத்தில் வரக்கூடிய தூரம்

என் தம்பி இலங்கையிலிருந்து படகேறி ஆஸ்திரேலியா போனவன். தற்காலிக விசாவில் ஒரு மாட்டுப்பண்ணையில் வேலை செய்கிறான். நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்ப விடமாட்டார்கள். லண்டனில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான், அம்மா நாள் முழுக்கக் கேட்டது கடைக்குட்டியை. எனக்குக் கோபம் வராமல் இருக்குமா?

வீடியோவில் அவன் காட்டுவது பெரும்பாலும் காட்டு ஒட்டகங்களை. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர் பாலைவனத்தில் சுமை தூக்கக் கப்பலில் கொண்டுவந்தார்களாம். லொறி வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். பெருகிப்போனதால் இப்போது ஹெலிகொப்டரில் போய்ச் சுடுகிறார்கள். "கொண்டு வந்ததும் அவங்கள், கூடிப்போச்செண்டு சுடுறதும் அவங்கள், அக்கா" என்பான்.

போன வருடம் லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு நூலகச் சுவரில் பழைய உலகப்படம் மாட்டியிருந்தது. பண்டைக் காலத்துப் புவியியலாளர் ஒருவரின் கணக்குப்படி வரைந்தது. அந்த மனிதர் பாதி உலகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒட்டகத்தில் போய்வந்த வணிகர்கள் சொன்ன நாள்கணக்கை வைத்துத் தூரம் போட்டிருக்கிறார். இலங்கை இந்தியாவைவிடப் பெரிதாக இருந்தது.

"எங்கட ஆளாத்தான் இருக்கும்" என்றார் அம்மா, சக்கர நாற்காலியிலிருந்து.

இந்து சமுத்திரத்தைச் சுற்றிலும் நிலம். கடல் ஒரு குளம்போல் நடுவில் கிடந்தது. தம்பிக்குப் போனில் காட்டினேன்.

"அப்பிடியெண்டா எனக்குப் படகே தேவையில்லை. ஒட்டகத்திலயே வந்திடுவன்."

அம்மா சிரிக்கவில்லை. "எத்தினை நாள் செல்லும் தம்பி?"

"கொஞ்ச நாள்தான், அம்மா."

மாசி மாதம் அம்மா போய்விட்டார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும். அவன் கை படாமல் என்னை எரிக்காதே என்று சொல்லித்தான் போனார். இங்கே தகனசாலையில் கொள்ளி என்பது சுவரில் ஒரு பொத்தான். ஐயர் என்னைப் பார்த்தார். எனக்கு அவன்மேல், விசாமேல், பிழையாகப் படம் வரைந்த அந்த மனிதர்மேல்கூட ஆத்திரம் வந்தது.

போன் வீடியோவில் தம்பி, சிக்னல் பிடிக்கும் மணல்மேட்டில் நின்றான். அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவனுக்குப் பின்னால் இரண்டு ஒட்டகங்கள்.

"கையை நீட்டு" என்றேன்.

திரை முழுக்க அவன் பெருவிரல் வந்தது. போனின் முனையாலேயே பொத்தானை அமத்தினேன். அம்மாவின் பெட்டி மெல்ல உள்ளே போனது.

அவன் கையை எடுக்கவில்லை. முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா, அமத்தியாச்சோ?"

"ஓம் தம்பி. நீதான் அமத்தினது."