மேற்கு பார்த்த கண்ணாடி அறை

வீட்டோடு ஒரு கண்ணாடி அறை சேர்த்துக் கட்டினால் அது பிரயோசனப்படுமா என்று தன்னாமுனையில் ஒருவர் கேட்டால், அவர் வெளியூர் ஆள் என்று தெரிந்துகொள்ளலாம். உள்ளூரில் அதை வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். கேட்டது சின்னத்தங்கத்தின் காதில் விழுந்துவிடும்.

சின்னத்தங்கம் வல்லிபுரத்தின் மூத்த மகள். பதினொரு வயதில் அம்மாள் நோய் கண்டு எழும்பினவள். முகம் முழுக்கத் தழும்பு, இடது கண்ணில் வெள்ளை. வாவிக்கரையில் வளரும் பன்புல்லில் பாய் இழைக்க உட்கார்ந்தால் ஊரில் அவளுக்கு நிகர் இல்லை. ஆனால் பாயைப் பார்த்து யார் பெண் கேட்டு வந்தார்கள்?

அவளுக்கென்று ஒன்றுதான் இருந்தது. அவள் மூத்தவள். இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாயின் வீடு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போகும், கட்டுகிறவன் வந்து அதில் குடியிருப்பான். ஆண்பிள்ளைக்கு வீடு என்று ஒன்று கிடையாது. முதலில் தாய் வீடு, பிறகு பெண்சாதி வீடு, கடைசியில் மகள் வீடு, எல்லா இடத்திலும் இருக்கச் சொன்னால் இருப்பான். சின்னத்தங்கத்தின் தாய் சீதேவிப்பிள்ளைக்கு வாவிக்கரையில் ஒரு கல்வீடு இருந்தது. முகம் போனால் போகட்டும், வீடு உனக்கு இருக்கிறது என்று சொல்லித்தான் அவள் மகளை வளர்த்தாள். பிள்ளையும் அதை நம்பித்தான் வளர்ந்தாள்.

வல்லிபுரம் கல்குடாப் பக்கம் ஒரு வெள்ளைக்காரரின் தென்னந்தோட்டத்தில் கங்காணியாக இருந்தார். அந்தத் துரையின் பெண்சாதி பூஞ்செடி வளர்க்க, பங்களாவை ஒட்டிக் கண்ணாடியால் ஒரு அறை கட்டுவித்திருந்தாள். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. கடல் உப்புக் காற்று செடிகளைக் கருக்காமல் இருக்க அது. வல்லிபுரம் பத்து வருஷம் அதை வாய் பிளந்து பார்த்தார். அந்த அறைக்கு மேலே மூன்று மாமரங்கள் கவிந்து நின்றதை அவர் கண்கள் பார்க்கவே இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு தேங்காய் விலை விழுந்து துரை கப்பலேறினார். போகும்போது, வேண்டுமானால் அந்தக் கண்ணாடி அறையைப் பிரித்து எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். வல்லிபுரம் எழுபத்திரண்டு கண்ணாடியையும் வைக்கோலில் சுற்றி, மாட்டு வண்டியில் ஏற்றி, வண்டியோடு தானும் நடந்து கொண்டுவந்தார். உடைந்தது மூன்றே மூன்று. தன் பிள்ளைகளைக்கூட அவர் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை.

வேலைக்கு ஏறாவூரிலிருந்து உசனார் வந்தார். தச்சுவேலை தெரிந்த ஓடாவி, ஊரார் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற நேர்மையான மனிதர். வல்லிபுரம் காட்டிய இடத்தைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்துவிட்டார். கல்வீட்டின் மேற்குப் புறம், வாவியைப் பார்த்த பக்கம். அங்கே ஒரு பூவரசு நின்றது. தோணியில் போகிறவர்களுக்குக் கண்ணாடி தெரியவேண்டும் என்று அதையும் வெட்டச் சொல்லியிருந்தார் வல்லிபுரம்.

“அண்ணன், மேற்க வைக்காதீங்க. அந்தி வெயில் நேரயும் அடிக்கும், தண்ணியில பட்டும் தெறிக்கும். மனிசன் இரிக்க ஒண்ணாது.”

“நீங்க ஓடாவி காக்கா. சட்டத்த நேரா நிப்பாட்டுங்க, போதும்.”

பூவரசு விழுந்தது. நடுவில் ஒரு பாலைமரத் தூண் நட்டு, அதன்மேல் முகடு ஏற்றி, அறை எழும்பியது. ஏறாவூரிலிருந்து பட்டணம் வரை அப்படி ஒன்று இல்லை. ஜனம் தோணி கட்டி வந்து பார்த்தது. வல்லிபுரம் எதற்காக அதைக் கட்டினாரோ அதுவும் நடந்தது. ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் யோகராசா வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். கேட்டது மூத்தவளை அல்ல. இளையவள் இரத்தினம்மாவை, அதோடு கல்வீட்டை.

மூத்தவள் இருக்க இளையவளுக்கு வீடா என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள். மூத்தவளுக்கு மாப்பிள்ளை வந்தால் அப்போது பார்ப்போம் என்றார் வல்லிபுரம், சின்னத்தங்கம் பக்கத்தில் உட்கார்ந்து பன்னுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருக்கும்போதே. ஆனால் வீடு சீதேவிப்பிள்ளையின் பேரில் இருந்தது. அவள் கைநாட்டு வைக்காமல் சீதன உறுதிப் பத்திரம் எழுத முடியாது. இரண்டு நாள் அவள் கையை மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை சொன்னாள். கல்வீடு இளையவளுக்குப் போகட்டும், கண்ணாடி அறையும் அது நிற்கிற நிலமும் கிணற்றுக்குப் போகிற வழியும் மூத்தவள் பேரில் எழுதவேண்டும்.

பாவம், ஊர் கூடிப் பார்த்த அறை அல்லவா. வீட்டிலேயே விலைகூடிய பங்கை மூத்தவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டதாக அவள் நினைத்தாள். வல்லிபுரம் சரி என்று சொன்ன வேகத்தையாவது அவள் கவனித்திருக்கலாம். சட்டம் பூட்டி முடிந்த அன்றைக்கு அவர் அந்த அறையில் ஒரு பின்னேரம் உட்கார்ந்து பார்த்தவர். அரை நாழிகையில் வேட்டி முதுகோடு ஒட்ட எழும்பி வந்தவர். யாரிடமும் சொல்லவில்லை.

கலியாணம் முடிந்து, வழக்கப்படி தாயும் தகப்பனும் வளவின் மூலையில் ஒரு மண்வீட்டுக்கு மாறினார்கள். சின்னத்தங்கம் தன் பாயையும் பன் கட்டையும் தூக்கிக்கொண்டு கண்ணாடி அறைக்குப் போனாள்.

காலையில் ஒன்றும் தெரியாது. உச்சி திரும்பியதும் தொடங்கும். தகரக் கோப்பையைக் கையால் தொட முடியாது. நனைத்து வைத்த பன் ஒரு முழம் இழைப்பதற்குள் காய்ந்து நொறுங்கும். மீன்பிடிக்கிற தோணிகள் அவளைப் பார்க்கத் துடுப்பை நிறுத்திவிட்டு நிற்கும். அவள் வாவிக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகினாள், முதுகில் தழும்பு இல்லை. அந்தப் பாலைமரத் தூணின் நிழல் ஒரு சாண் அகலத்துக்குத் தரையில் விழும். பின்னேரம் முழுக்க அது நகர நகர அவளும் பாயை நகர்த்துவாள். நாலு தரம் நகர்த்தினால் பொழுது படும்.

யோகராசா இதைப் பார்த்துத்தான் பெண்சாதியிடம் சொன்னார், மச்சாளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக:

“கடைக்காரன் பலகாரத்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறது விக்கிறதுக்கு. உன்ட அக்காவ வச்சும் ஒரு ஈ வரல்ல.”

இரத்தினம்மா சிரித்தாள். கூடப் பிறந்தவள்தான். வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள்.

சின்னத்தங்கம் தகப்பனிடம் போய்க் கூரைக்கு மேலே போட, தென்னோலையில் பின்னிய ஏழெட்டுக் கிடுகு கேட்டாள். கல்வீட்டுக்குப் பக்கத்தில் கிடுகு போட்டால் மருமகனுக்கு மரியாதை கெட்டுப்போகும் என்று வல்லிபுரம் மறுத்தார். ஒவ்வொரு தரமும் கடைசியில் ஒரே சொல்தான்.

“வெளிச்சம் நல்லா இரிக்கி மகள். பாய் இழைக்கிறவளுக்கு வேற என்ன வேணும்?”

அவள் தானே ஓலை பொறுக்கி, ஊறவைத்து, கிடுகு பின்னி, ஏணி வைத்து ஏறிப் போட்டாள். அடுத்த நாள் காலையில் அவர் ஏறி, எல்லாவற்றையும் இழுத்து வாவியில் எறிந்தார். சீதேவிப்பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றாள். தான் கைநாட்டு வைத்து மகளுக்கு வாங்கிக் கொடுத்தது என்ன என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அவள் மேற்குப் பக்கம் வரவே இல்லை. மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

தாயின் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் சின்னத்தங்கம் மறுபடி கிடுகு போட்டாள். இந்த முறை இறங்கி வந்து, ஓலை வெட்டும் கத்தியோடு ஏணியடியில் உட்கார்ந்தாள்.

“இது என்ட பேரில எழுதின இடம். ஆர் ஏறுறீங்க, ஏறுங்க.”

வல்லிபுரம் வாசலில் நின்று யோகராசாவைப் பார்த்தார். யோகராசா ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

கிடுகு ஏறிய பிறகு அந்த அறை வேறு அறையாகிவிட்டது. மேலே நிழல், ஓரமெல்லாம் தண்ணீர்ப் பானை, கதவைத் திறந்தால் வாவிக் காற்று. பன் நாள் முழுக்க ஈரம் காயாமல் கிடந்தது. கண்ணாடிக்குள்ளே வெற்றிலைக் கொடி படர்ந்து அவளைத் தோணிக்காரர்களிடமிருந்து மறைத்தது. அவள் பாய்களை உசனார் மாதம் ஒருமுறை ஏறாவூருக்கு ஏற்றிப்போனார். கலியாண வீடுகளில் அவள் பாய்க்குக் காத்திருந்தார்கள். வீட்டுக்காரி ஆகாவிட்டாலும் அவள் ஒரு அறைக்காரி ஆனாள்.

உலகச் சண்டைக்காலத்து மாரியில், மார்கழி வெள்ளத்தில், மூலையிலிருந்த மண்வீடு கரைந்து விழுந்தது. வல்லிபுரம் கல்வீட்டின் பின் விறாந்தைக்கு வந்தார். வந்தது முதல் இருமல். சித்திரை பிறந்ததும் இரத்தினம்மாவே சொன்னாள், பிள்ளைகளுக்கு இருமல் தொத்தும், வேறு இடம் பாருங்கள் என்று. வேறு இடம் எது? பெண்சாதி இல்லாத ஆணுக்கு இருப்பது மகள் வீடு. அதிலிருந்து ஒரு மகள் எழுப்பிவிட்டால் மற்ற மகள்.

நடுப்பகலில் அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். கையில் சுருட்டிய பாய். உள்ளே அவள் இழைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கண்ணாடிதானே. பிறகு அவள் எழும்பிக் கதவைத் திறந்தாள். விரட்டுவாள் என்று கல்வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த இரத்தினம்மா ஏமாந்துபோனாள்.

அறையின் மேற்குச் சுவரோரம் பானைகளை ஒதுக்கி ஒரு இடத்தைக் கூட்டி, தகப்பனின் பாயை அவளே வாங்கி விரித்தாள். சோறு போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுச் சாய்ந்ததும் வெளியே போய் ஏணியைத் தூக்கி வைத்தாள். அந்தப் பாய்க்கு நேர் மேலே இருந்த கிடுகுகளை மட்டும், ஒவ்வொன்றாக, ஓலை கிழியாமல் கழற்றிக் கீழே இறக்கினாள்.

வெயில் வல்லிபுரத்தின் நெஞ்சில் வந்து விழுந்தது. அவர் எழும்பி உட்கார்ந்தார்.

“மகள்... கிடுகு.”

“வெளிச்சம் நல்லா இரிக்கி அப்பா.”

அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

தகப்பனுக்கு அப்படிச் செய்தவள் மனுஷியா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட முன்பு வாவியில் மிதந்துபோன கிடுகைப் பற்றிக் கேட்டதில்லை. மூன்று நேரமும் அவருக்குச் சுடுசோறு கொடுத்தாள். இருமலுக்கு மல்லித் தண்ணீர் அவித்துக் கொடுத்தாள். நிழலை மட்டும் கொடுக்கவில்லை.

பாய் ஏற்ற வந்த உசனார் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“தங்கச்சி, அவருக்கு மேல கிடுகக் காணல்லியே. ஏணிய எடுத்துத் தாவன், நான் போட்டுட்டுப் போறன்.”

“வேணா காக்கா. அவர் கட்டின அறை. அவருக்குக் கிடுகு புடிக்காது.”

உசனார் வல்லிபுரத்தைப் பார்த்தார். வல்லிபுரம் ஓடாவியின் முகத்தைப் பார்க்காமல் வாவியைப் பார்த்தார். உசனார் பாய்க்கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

முதல் இரண்டு பின்னேரமும் வல்லிபுரம் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே கிடந்தார். மூன்றாம் நாள் உச்சி திரும்பிய பிறகு பாயை மெல்ல இழுத்து, மகள் பக்கத்து நிழலுக்குப் போகத் துணியாமல், பாலைமரத் தூணின் ஒரு சாண் நிழலுக்குள் உடம்பை ஒடுக்கினார். கொஞ்ச நேரத்தில் நிழல் நகர்ந்தது. அவரும் நகர்த்தினார். சின்னத்தங்கம் தன் பக்கத்து நிழலில் இருந்து இழைத்துக்கொண்டே பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு தரம் நகத்தினாப் பொழுது பட்டிரும், அப்பா” என்றாள்.