மோட்டாரில் என் நம்பர்

கீழக்குயில்குடி பக்கத்தில் எங்கள் கத்தரித் தோட்டம். அங்கே மும்முனை மின்சாரம் வந்ததும் என் செல்லுக்குத் தகவல் வரும். நான் போன் அடித்தால் மோட்டார் ஓடும். மின்னியல் படிக்கும்போது அதற்கான கருவியை வாங்கி மோட்டாரில் மாட்டியவள் நான். அதற்கு முன் அப்பா கரண்டுக்காக நாள் முழுக்க மோட்டார் ரூமிலேயே காத்துக் கிடப்பார்.

எங்கள் வீட்டில் எந்த வேலையையும் தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். துணியை ஊறவைத்தவரே அலச வேண்டும். ஆட்டுக்குட்டி கேட்டு அழுதவள் நான்; பரீட்சை நாளிலும் தழை ஒடித்தவளும் நான்தான்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மனதுக்குப் பிடித்த வேலை. ஆனால் போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டார்கள்.

அப்பா, அம்மாவிடம் செல் கிடையாது. மோட்டார் கருவியில் என் நம்பரை எடுத்துவிட்டு அண்ணன் நம்பரைப் போட்டேன்.

"தகவல் வந்தா ஒடனே அடிக்கணும்ணே."

"இம்புட்டுத்தானா? என்னமோ ராக்கெட் விடுறவ மாதிரி பேசுற. நீ பெட்டியக் கட்டு."

மறுநாள் கரண்ட் வந்து போயிருந்தது. வாய்க்கால் காய்ந்து கிடந்தது. அண்ணன் கிரிக்கெட் ஆடப் போயிருந்தான். போன் பைக் கவரில்.

"அவனுக்கென்ன தெரியும்? நீதான மாட்டுன?" என்றாள் அம்மா, என்னிடம்.

அவனும் இதே வீட்டில்தான் வளர்ந்தான்.

அப்பா பக்கத்துத் தோட்டத் தொட்டியிலிருந்து குடத்தில் மொண்டு, வாடிய நாற்றுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். நானும் ஒரு குடத்தை எடுத்தேன்.

"நீ போத்தா. முன்ன மாதிரி நான் இங்கன உக்காந்துக்கிறேன்," என்றார், முழங்காலைப் பிடித்துக்கொண்டே. போகாதே என்றிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

அன்று மாலையே மறுபடி என் நம்பரைப் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதில் எழுத உட்கார்ந்தேன். போவதற்கான காரணங்கள் வரிசையாக வந்தன: வேலை, சம்பளம், எனக்கென்று ஓர் அறை. போகாமலிருக்க ஒன்றே ஒன்றுதான். அதை எந்தக் கம்பெனிக்கும் எழுத முடியாது. 'குடும்பச் சூழல் காரணமாக' என்று தொடங்கி, பாதியில் நிற்கும்போது கரண்ட் வந்த தகவல் வந்தது. மோட்டாருக்கு அடித்தேன். பிறகு மிச்சத்தையும் எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அப்பா பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் கூப்பிட்டார்.

"தண்ணி வந்துருச்சுத்தா."

"சரிப்பா," என்றேன்.