சோதித்தவர்: மெக்கானிக்

இது கதை அல்ல, எனக்கு நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். யாரிடமும் சத்தியம் செய்து பேசும் பழக்கம் எனக்கு இல்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் வேண்டும் என்பார்கள். எனக்கு நடந்தது ஒரு விடுமுறை நாளின் மத்தியானம். எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஏசி ஓடியது. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தேன்.

நான் கெர்னல் வேலை பார்க்கிறவள். கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற மென்பொருள்தான் கெர்னல். எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு மானிட்டர் செய்கிறது. கட்டில் தலைமாட்டில் இதயத் துடிப்பைக் கோடாகவும் எண்ணாகவும் காட்டுமே, அந்தப் பெட்டி. அதில் ஓடும் கெர்னல் எங்களுடைய சொத்து இல்லை. எங்கெங்கோ இருக்கும் ஆயிரம் பேர் சேர்ந்து எழுதுவது. ஒருவர் ஒரு திருத்தத்தை எழுதி எல்லோருக்கும் மெயிலில் அனுப்புவார். அதற்குப் பேட்ச் என்று பெயர். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுக் கிழிப்பார்கள். நன்றாகவே கிழிப்பார்கள். எனக்குப் பேய் பயம் இருந்ததே இல்லை. இந்த மெயில் பயம்தான்.

அந்தக் கூட்டத்தில் யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. எங்கள் பகுதிக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் விட்டால்தான் பேட்ச் உள்ளே போகும் என்பதால் வாசல்காரர் என்போம். இன்னொருவர் மெக்கானிக். அவரே வைத்துக்கொண்ட பெயர். அவர் பேட்ச் எழுத மாட்டார். மற்றவர்கள் எழுதியதை வீட்டில் குவித்து வைத்திருக்கும் பழைய மெஷின்களில் ஓட்டிப் பார்ப்பார். சரியாக ஓடினால் பேட்ச்சின் அடியில் ‘சோதித்தவர்: மெக்கானிக்’ என்று ஒரு வரி ஏறும். அந்த வரியைப் பார்த்தால் வாசல்காரர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே விடுவார். எங்கள் கம்பெனியிலும், வெளியாள் ஒருவர் சோதித்த வரி இல்லாமல் எதுவும் ஆஸ்பத்திரிக்குப் போகாது.

அந்த வாரம் என் அண்ணனுக்கு இதய ஆபரேஷன் முடிந்திருந்தது. அண்ணன் லாரி ஓட்டுகிறவன். “ஏழு வருஷமா அந்தக் கம்ப்யூட்டரை ரிப்பேர் பண்றே, இன்னுமா சரியாகல?” என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். ஆபரேஷனுக்குப் போகும்போதும் அதையே கேட்டுவிட்டுத்தான் போனான். எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறப்பு அவன்.

விடுமுறை நாள் காலையில் அண்ணி போன் செய்தார். ஐசியு வாசலில் இருந்து பேசினார்.

“பாப்பா, இங்க எல்லாக் கட்டில்லயும் உங்க கம்பெனி டப்பாதான். அதுல ஒண்ணு அப்படியே நின்னுபோச்சாம்.”

“அண்ணனோடதா?”

“இல்ல, எதிர் வரிசை. எழுபத்தாறுன்னு காட்டிக்கிட்டே இருந்துச்சாம். நர்ஸ் வந்து ஆளைத் தொட்டப்பதான்...”

“தொட்டப்ப?”

“சில்லுன்னு இருந்தாராம்.”

அடுத்த நிமிடமே டீம் லீடர் கூப்பிட்டார். வேறு மானிட்டர்கள் வர மறுநாள் ஆகும். இருபது கட்டிலுக்கு நான்கு நர்ஸ். பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை, அதில் வேறு கோளாறு. சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் டெக்னீஷியன் ஆஸ்பத்திரிக்குப் போவார். அதற்குள் பேட்ச் தயாராக வேண்டும்.

ஆபீஸில் ஈ காக்கை இல்லை. லேபில் நானும் சுவரோரம் எட்டு மானிட்டர்களும்தான். ஏழு மானிட்டர்களுக்குத் துடிப்பைப் போலியாகக் கொடுக்கும் பெட்டியிலிருந்து ஒயர் போகும். அந்தப் பெட்டி எப்போதும் நிமிடத்துக்கு 80 துடிப்புதான் கொடுக்கும். எட்டாவதன் ஒயர் அறுந்துபோய் மாதக்கணக்காகிறது. அதன் திரையில் ‘சென்சார் இல்லை’ என்று மட்டும் இருக்கும்.

பீப்... பீப்... பீப்... ஏழும் ஒரே தாளத்தில்.

நோய் என்னவென்று எனக்குப் புரிந்துவிட்டது. டெட்லாக். ஒருவன் கையில் சோப்பு, இன்னொருவன் கையில் வாளி. இவன் வாளி கிடைத்தால்தான் சோப்பை விடுவான். அவன் சோப்பு கிடைத்தால்தான் வாளியை விடுவான். சண்டையில்லை, சத்தமில்லை. இரண்டு பேரும் அப்படியே நிற்பார்கள். கரண்ட்டைப் பிடுங்குகிறவரை நிற்பார்கள். மானிட்டருக்குள் துடிப்பைப் படிக்கும் பகுதியும் அதைப் பதிவு செய்யும் பகுதியும் அப்படி நிற்கின்றன என்று நினைத்தேன். ஆனால் லேபில் எவ்வளவு ஓட்டியும் ஒரு மானிட்டர்கூட நிற்கவில்லை. கண்ணால் படித்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் 2:10க்கு முதல் பேட்ச்சை அனுப்பினேன். கூடவே, வீட்டிலிருந்தே யாரும் ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன புரோகிராமும் வைத்தேன். அதிலும் துடிப்பு 80தான்.

2:14. மெக்கானிக்கிடமிருந்து பதில்.

“ஓட்டினேன். ஹேங் ஆகுது.”

முதலில் சந்தோஷம்தான் வந்தது. நல்ல வேளை, மனிதர் விழித்திருக்கிறார். பிறகுதான் உறைத்தது. பேட்ச்சைச் சேர்த்துக் கெர்னலைத் தயாரிக்கவே அரை மணி நேரம் ஆகும். நான்கு நிமிடத்தில் எப்படி ஓட்டினார்?

ஏதாவது வேகமான மெஷின் வாங்கியிருப்பார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கூடவே அவர் அனுப்பியிருந்த, மெஷின் ஓடியதன் பதிவைத் திறந்தேன். மெஷின் நின்ற இடம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு முந்தின வரி: துடிப்பு 71.

எழுபத்தொன்றா? என் புரோகிராமில் எண்பதைத் தவிர வேறு எண்ணே கிடையாது. ஏதோ மாற்றி விளையாடுகிறார் என்று எரிச்சலாக வந்தது. ஆனால் நேரம் இல்லை. படித்தேன், திருத்தினேன், 3:20க்கு இரண்டாவது பேட்ச்சை அனுப்பினேன்.

3:22.

“இதுவும் ஹேங். சீக்கிரம்.”

மெக்கானிக் யாரையும் அவசரப்படுத்த மாட்டார். எனக்கு அவரைத் தெரிந்த மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ‘சீக்கிரம்’ என்று எழுதியதில்லை.

பதிவின் கடைசி வரி: துடிப்பு 58.

எழுதிக் கேட்டேன். “எந்த மெஷின்ல ஓட்டுறீங்க?”

“பக்கத்துல இருக்கறதுல.”

“58 எப்படி வந்துச்சு?”

இதற்குப் பதில் வரவில்லை. அண்ணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. ஐசியு வாசலில் போனை அணைக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு மூன்றாவது பேட்ச்சில் உட்கார்ந்தேன்.

சோப்பு, வாளி என்றேனே, அவற்றுக்குக் கெர்னலில் பூட்டு என்று பெயர்; அந்தப் பூட்டுகளின் வரிசையை மாற்றி எழுதினேன். நடுவில் எச்சரிக்கை மணியின் பூட்டை முதலிலேயே விடும்படி ஒரு வரி எழுதினேன். மணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அதை அழித்தேன். இன்னும் அனுப்பவில்லை. எங்கும் சேமிக்கவும் இல்லை.

4:31. மெக்கானிக்.

அழித்த அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். என் எழுத்துப் பிழையோடு. அதன் கீழே:

“இத எடுக்காதம்மா. மூணாவது ஒண்ணு இருக்கு. மணி அடிக்க வந்தவனும் அங்கதான் நிக்கிறான்.”

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மூடிய கதவு. எரியும் விளக்கு.

ஆனால் அவர் சொன்னது சரி... துடிப்பு இறங்கத் தொடங்கும்போதுதான் மணியின் பகுதி விழிக்கும். அது வந்து மூன்றாவது ஆளாக நிற்கும். லேபில் எப்போதும் 80. மணி அடிக்க வேண்டிய தேவையே வராது. அதனால்தான் இங்கே ஒன்றுகூட நிற்கவில்லை. இந்தக் கோளாறைப் பார்க்க வேண்டுமென்றால் இறங்குகிற இதயம் ஒன்று வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சத்தம்...

பீப்.

ஏழின் தாளத்தில் சேராத சத்தம். தாமதமாக. தனியாக.

பீப்...

எட்டாவது மானிட்டர். அறுந்த ஒயர் மேஜைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் பச்சைக் கோடு ஓடியது.

49.

பீப்......

47.

யாரோ மூச்சு விடச் சிரமப்படுவது போல, கோடு ஏறி, நின்று, விழுந்தது.

44.

கோடு நின்றது. எண் நின்றது. சத்தம் நின்றது.

அந்த வரியைத் திரும்ப எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன். எதற்கு அழுகிறேன் என்று அப்போது தெரியாது.

அனுப்பினேன்.

4:40.

ஒன்றும் இல்லை...

4:41.

எட்டாவது மானிட்டர் அலறியது!

காது கிழியும் எச்சரிக்கை மணி. சிவப்பு விளக்கு சுவரெல்லாம் சுழன்றது. காதைப் பொத்திக்கொண்டு வராண்டாவுக்கு ஓடினேன். கதவுக்கு உள்ளே அது அலறிக்கொண்டே இருந்தது. பிறகு பட்டென்று அடங்கியது.

திரும்பப் போய்ப் பார்த்தேன். ‘சென்சார் இல்லை.’

மெயிலில் ஒரே வரி.

“சோதித்தவர்: மெக்கானிக்.”

அந்த வரியைப் பேட்ச்சின் அடியில் சேர்த்து மறுபடி அனுப்பினேன். வாசல்காரர் பத்து நிமிடத்தில் பேட்ச்சை உள்ளே விட்டார். டீம் லீடர் டெக்னீஷியனை அனுப்பினார். நான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அண்ணி ஐசியு வாசலில் முகம் வீங்கி நின்றார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார்.

“தப்பிச்சுட்டார் பாப்பா. நாலு நாப்பது வாக்குல மணி அடிச்சுது பாரு, எல்லாரும் ஓடினாங்க. நாப்பத்து நாலுக்கு எறங்கிடுச்சாம். இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தா கையில புடிச்சிருக்க முடியாதுன்னு டாக்டர் சொன்னார்.”

அண்ணியைச் சுவரோரப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

“உங்க ஆபீஸ் ஆளுக்குத்தான் நன்றி சொல்லணும். ரெண்டு மணியிலேர்ந்து அண்ணன் தலைமாட்டுலயே உக்காந்து டப்பாவ நிறுத்தி நிறுத்திப் போட்டுக்கிட்டிருந்தார். கண்ணாடி வழியா பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.”

“எங்க ஆபீஸ் ஆள் இன்னும் வரவே இல்ல அண்ணி.”

“வயசானவரு. ஆஸ்பத்திரித் துணி போட்டிருந்தார். உள்ள போறவங்களுக்கு அதான் குடுப்பாங்கன்னு நெனச்சேன். கால்ல செருப்புகூட இல்ல.”

ஆறு மணிக்கு டெக்னீஷியன் வந்தார். ஒவ்வொரு கட்டிலாகப் போய்ப் புதிய பதிப்பைப் போட்டார். அண்ணன் கட்டிலுக்கு வந்ததும் என்னைப் பார்த்தார்.

“மேடம், இதுல ஏற்கனவே போட்டிருக்கே. இன்னிக்கி மூணு தடவ போட்டிருக்கு.”

நான் அனுப்பிய இரண்டு தப்பான பேட்ச்சும் என் அண்ணன் தலைமாட்டில்தான் ஓடியிருக்கின்றன. 71, 58 என்று நான் எரிச்சலோடு படித்தது அவனுடைய உயிரை.

நான்காம் நாள் வாசல்காரர் போன் செய்தார். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“உன் பேட்ச்சுல மெக்கானிக் பேரு இருக்கே. யாரும்மா போட்டது?”

“அவர்தான் சார். மெயில் போட்டாரே.”

“அப்படி ஒரு மெயில் யாருக்குமே வரலியேம்மா. நானும் அவர் பேரைப் பாத்துட்டு அப்படியே உள்ள விட்டுட்டேன். நேத்துதான் அவர் பொண்ணு எழுதியிருந்தா. அவர் போய் மூணு வாரம் ஆச்சாம்.”

ரொம்ப நாள் படுக்கையில் இருந்தாராம். ஆஸ்பத்திரியின் பெயரையும் அவர் சேர்ந்த தேதியையும் சொன்னார். அண்ணன் இருக்கும் அதே ஆஸ்பத்திரி. பெண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். திரையில் எல்லாம் சரியாகத்தான் காட்டியதாம்.

அன்று சாயங்காலம், மணியின் பூட்டை எந்தப் பேட்ச் கொண்டுவந்தது என்று தேடினேன். இரண்டு மாதத்துக்கு முந்தியது. அதன் இரண்டாவது வடிவம் வரை மணி பற்றிப் பேச்சே இல்லை. மெக்கானிக் அதை ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது வடிவத்தில்தான் மணி சேர்ந்திருந்தது. அது உள்ளே போன தேதியில் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அடுத்த வாரமே அது அந்த ஆஸ்பத்திரி மானிட்டர்களுக்கும் போயிருந்தது.

வாசல்காரரை மறுபடி கூப்பிட்டேன். மூன்றாவது வடிவத்தை யார் ஓட்டிப் பார்த்தது என்று கேட்டேன்.

“சின்ன மாத்தம்தானேன்னு நெனச்சேன்மா. அவர் பழசுக்குக் குடுத்த வரிய அப்படியே புதுசுலயும் விட்டுட்டேன்.”

மெக்கானிக்கைக் கொன்ற பேட்ச்சின் அடியில், சோதித்தவர் என்று அவர் பெயரே இருக்கிறது. அவர் அதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை.