மாத்திரைக்கு முந்தைய மாதங்கள்

வெராகுரூஸ் துறைமுகத்தை அடுத்த தெருவில் உள்ள ஒரு சலவைக் கடையில் என் சித்தி ஒப்துலியா சாசரோ நெடுங்காலமாக இஸ்திரி போட்டு வருகிறார். காலை முதல் பிற்பகல் வரை நின்றபடியே செய்யும் வேலை. ஆனால் கால்களைப் பற்றிய பேச்சு எழும்போது அந்த வேலையை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருடைய கால்கள் சனிக்கிழமை மாலைக்கு உரியவை. அன்று சதுக்கத்தில் இசைக்குழு தன்ஸோன் என்னும் நடன இசை வாசிக்கும். இணைகள் முதுகை நிமிர்த்திக்கொண்டு சிறு சதுரத்துக்குள்ளேயே ஆடுவார்கள். பாட்டின் இடையே சில கணங்கள் நின்றுவிட வேண்டும், பெண்கள் விசிறிக்கொள்வார்கள், பிறகு சரியான தாளத்தில் மீண்டும் அடியெடுத்து வைப்பார்கள். சித்தியின் இணை எர்மினியோ லாகுனெஸ், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தங்களுக்கு இடையே நடனத்தைத் தவிர வேறெதுவும் இல்லை என்று சித்தி சொல்வதைச் சலவைக் கடையில் ஒருவரும் நம்புவதில்லை. எனினும் அது உண்மை.

மழைக்காலத் தொடக்கத்தில் சித்திக்கு எடுத்த இரத்தப் பரிசோதனையில் கொழுப்பு மிக அதிகமாக இருந்தது. மருத்துவர் மலைப்பகுதியிலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்த இளம்பெண். அவர் மாத்திரை எழுதத் தொடங்கியதுமே சித்தி கையை நீட்டித் தடுத்தார். துணைக்குச் சென்றிருந்த நான் அருகில் அமர்ந்திருந்தேன்.

"ஏங்க, மாத்திரைன்னா பயமா?"

"எங்க அக்கா எலோயினா இதைத்தான் சாப்பிட்டா, டாக்டரம்மா. ரத்தம் சுத்தமாச்சு, கால் போச்சு. இப்ப நாற்காலி போட்டு உக்காந்து மத்தவங்க ஆடுறதைப் பாக்குறா. இதோ, அவ மகதான் இவ. கேட்டுப் பாருங்க."

என் தாய்க்கு அந்த மாத்திரையைத் தொடங்கிய ஆண்டில் கெண்டைக்கால் வலி வந்ததும், மாத்திரையை நிறுத்திய பிறகும் அவர் நடனத்துக்குத் திரும்பாததும் உண்மைதான். நான் தலையசைத்தேன்.

"எல்லாருக்கும் அப்படி ஆகாதுங்க. வீட்டுல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கா?"

"எங்க அண்ணனுக்கு. டோமினோ ஆடிக்கிட்டே சாஞ்சுட்டான். ஜெயிக்கிற ஆட்டம் வேற."

மருத்துவர் சிரிக்கவில்லை. மூன்று மாத அவகாசம் தருவதாகவும், உணவிலும் நடையிலும் கொழுப்பைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றும், குறையாவிட்டால் மாத்திரைதான் என்றும் கூறினார். பன்றிக் கொழுப்பு, பொரித்த வாழைப்பழம், இனிப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி என ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பால் குடிப்பீங்களா?"

"பாலா? நான் என்ன கன்னுக்குட்டியா? பாவாடை கட்டுற வயசுலயே விட்டாச்சு."

அன்றிலிருந்து வீட்டின் அடுப்படி மாறியது. கறுப்பு மொச்சையைப் பன்றிக் கொழுப்பில் வதக்காமல் வெறுமனே வேகவைத்தார்கள். விடியற்காலையில் சித்தி சப்பாத்திக்கள்ளி மடலை முள் சீவி, அன்னாசித் துண்டுகளோடு மிக்சியில் அடித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார். பத்து மணிக்குக் கத்தரிக்காய் ஊறிய தண்ணீர். மாலையில் ஆளி விதை. பக்கத்து வீட்டு நெரெய்தா பூண்டு மாத்திரையும் மீன் எண்ணெய் மாத்திரையும் கூனைப்பூ மாத்திரையும் விற்பவள். அவற்றை மாத்திரை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"இது மருந்தில்ல ஒப்துலியா, இயற்கை. மூணையும் சேத்துப் போடு. கொழுப்பு தானா வழிஞ்சு போயிரும்."

"எங்கடி போகும்?"

"போற வழியில போகும்."

பூண்டின் வாடை இஸ்திரியின் வெக்கையில் சித்தியின் தோலிலிருந்தே எழுந்தது. சுங்க அதிகாரிகளின் சட்டைகளும் மணக்கின்றன என்று கடைக்காரர் முறையிட்டார். சதுக்கத்தில் எர்மினியோ தம் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு ஆடினார்.

"அம்மணி, நான் ஆடுறது உங்களோடயா, வறுத்த இறாலோடயா?"

"இறாலுக்கு இப்ப எனக்கு அனுமதி இல்ல. பேசாம ஆடுங்க."

கடற்கரைச் சாலையில் தினமும் நடந்தார். வடகாற்று மணலை வாரி முகத்தில் அடித்த நாட்களிலும் முக்காடிட்டுக்கொண்டு நடந்தார். நடை முடிந்ததும் எர்மினியோ காத்திருக்கும் காப்பிக் கடைக்குப் போவார். ரொட்டித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கண்ணாடிக் குவளையைக் கரண்டியால் தட்டுவார். பணியாள் வந்து கெண்டியை உயர்த்தி ஊற்றிவிட்டுப் போவான். வேலை முடிந்து திரும்பும்போது இன்னொரு முறை. மாலையில் நெரெய்தாவுடன் மற்றொரு முறை. அந்த ஒரு சுகம்தான் தமக்கு மிஞ்சியிருப்பதாக அவர் சொல்வார்.

மூன்று மாதங்களுக்குப் பிறகு கொழுப்பு குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. சித்தி தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். அவருடைய உடை தளர்ந்து தோளிலிருந்து நழுவியது.

மருத்துவரும் களைத்திருந்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது.

"நேத்துக் காலையில எழுந்ததுலேருந்து வாயில வெச்சது ஒவ்வொண்ணையும் சொல்லுங்க. தண்ணி உட்பட."

சித்தி கள்ளிச் சாற்றில் தொடங்கி வரிசையாகச் சொன்னார். "அப்புறம் நடந்துட்டு வந்து என் லெச்செரோ."

"அப்படின்னா?"

"காப்பிதான், டாக்டரம்மா."

மருத்துவர் என்னைப் பார்த்தார். அடியில் இரண்டு விரற்கடை காப்பியும், அதற்கு மேல் விளிம்புவரை காய்ச்சிய பாலும் என்று நான் விளக்கினேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் தாழ்ந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவரும் அதைப் பால் என்று நினைப்பதில்லை, நானும் நினைத்திருக்கவில்லை.

"எவ்வளவு பெரிய குவளை?"

நான் கையால் உயரம் காட்டினேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"மூணு," என்றார் சித்தி. "விருந்தாளி வந்தா நாலு. ஆனா அது காப்பி."

"அது பால், ஒப்துலியாம்மா. ஆடையோட இருக்குற பால்."

சித்தி தம் செருப்புகளைப் பார்த்தபடி "அப்போ அந்தக் கள்ளியெல்லாம் எதுக்குக் குடிச்சேன்?" என்று கேட்டார். மருத்துவர் மேலும் இரண்டு மாத அவகாசம் மட்டும் தந்தார்.

அதன்பின் காப்பிக் கடைப் பணியாள் கெண்டியோடு வந்தால் சித்தி குவளையைக் கையால் மூடிக்கொள்வார். கறுப்புக் காப்பியைக் கசாயம் போல் விழுங்குவார். எர்மினியோவும் அவருக்காகப் பாலைக் கைவிட்டார். ஒரு வாரத்துக்குள் அவர் மட்டும் மீண்டும் தொடங்கிவிட்டார். "நட்புக்கும் ஒரு அளவு இருக்கில்ல, அம்மணி," என்றார். சித்திக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நெரெய்தாவின் புட்டிகள் தீர்ந்தபோது புதியவை வாங்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் கொழுப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. போதிய அளவுக்குக் குறையவில்லை.

"நீங்க செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சுட்டீங்க," என்றார் மருத்துவர். "மிச்சம் சாப்பாட்டால வந்தது இல்ல. உங்க அண்ணனுக்கு இருந்ததுதான் உங்களுக்கும் இருக்குன்னு நெனைக்கிறேன். சின்ன அளவுல தொடங்கலாம். கால் வலிச்சா நீங்களா நிறுத்தாம எங்கிட்ட வாங்க, வேற மாத்திரை இருக்கு."

அன்று மாலை சித்தி மாத்திரை அட்டையோடு என் தாயிடம் வந்தார். மின்விசிறியின் கீழ் இருவரும் அமர்ந்திருந்தார்கள்.

"அக்கா, நெசமாச் சொல்லு. உன் கால் இதனாலதான் போச்சா?"

என் தாய் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப அப்படித்தான் நெனச்சேன். நிறுத்தினதும் கொஞ்சம் விட்டுச்சு. திரும்பவும் வந்துச்சு. தெரியலடி."

"தெரியலையா? உன்னைச் சொல்லித்தானே நான் இத்தனை மாசம் கள்ளியைக் குடிச்சேன்!"

"நானா குடிக்கச் சொன்னேன்? நீ எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

சித்தி கேட்டிருக்கவில்லை. அவர் எழுந்து சென்று தண்ணீர் எடுத்து, நின்றபடியே முதல் மாத்திரையை விழுங்கினார்.

மாத்திரை தொடங்கிய பின் வந்த மூன்றாவது சனிக்கிழமை சதுக்கத்தில் கூட்டம் குறைவாக இருந்தது. அன்று கடையில் கப்பல் நிறுவனமொன்றின் சீருடைகள் குவிந்திருந்தன. சித்தி உணவு இடைவேளையிலும் நின்றிருந்தார். பாட்டின் முதல் இடைநிறுத்தத்தில் அவர் விசிறியை விரிக்காமல், குனிந்து வலது கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்தார்.

"வலிக்குதா?" என்றார் எர்மினியோ.

"ஏதோ இருக்கு."

"மாத்திரையா?"

"மாத்திரையோ, இஸ்திரியோ, வயசோ. எதுன்னு எப்படிச் சொல்றது?"

"உக்காந்துக்கலாமா?"

என் தாய் தம் பக்கத்திலிருந்த நாற்காலியின் மேலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டார். சித்தி அதைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை டாக்டரம்மாவைப் பாத்துக்கறேன்," என்று கூறிக் கையை எர்மினியோவின் தோளில் வைத்தார். "எண்ணுங்க. தாளம் வருது."