கிளட்ச் இல்லாத வண்டியில் கிளட்ச் பிடித்தவர்

பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரியும் அந்த நீலப் புகை வாசனை... என் பள்ளிக்கூட நாட்கள் என்றால் எனக்கு முதலில் அதுதான்.

புனேயில் வானவடியில் எங்கள் வீடு. அம்மா கேம்ப் ஏரியாவில் டீச்சர், நான் அதே பள்ளியில் மாணவி. அம்மாவிடம் டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, முறுக்கினால் போகும், அவ்வளவுதான். முன்னால் நின்றுகொண்டு போவேன். மழையில் அம்மாவின் கோட்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு...

காலேஜுக்கும் அதில்தான் போனேன். பிறகு வேலை, கல்யாணம், ஊரின் இன்னொரு மூலையில், வாகட்டில் ஃபிளாட். ஸ்கூட்டர் அம்மா வீட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

போன வருஷம் "நீங்களே வச்சுக்கோங்க மாப்ள" என்று அம்மா அதை ஆனந்திடம் கொடுத்தாள். ஆனந்த் என் கணவன், கோயம்புத்தூர்க்காரன். ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை, மனசெல்லாம் ஸ்பேனர். பெயின்ட் அடித்துப் புதுசாக்கித் தருவான் என்று நான் நம்பினேன். என் தப்பு.

அவன் கண்ணுக்கு இன்ஜின் மட்டும்தான் தெரிந்தது. ஆபீஸ் நண்பர் ஒருவரின், காடுமேட்டில் ஓட்டுகிற டர்ட் பைக் இன்ஜின் போய்க் கிடந்ததாம். புது மாடல், ஆளுயரம். அதை வாங்கி வந்து, அம்மாவின் ஸ்கூட்டர் இன்ஜினை அதில் மாட்டப் போகிறேன் என்றான். ஏன் என்று கேட்டேன். யாருமே செய்ததில்லை என்றான். யாரும் ஏன் செய்யவில்லை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஸ்கூட்டரில் இன்ஜின், பெல்ட், பின்சக்கரம் எல்லாம் ஒரே யூனிட். சக்கரத்தைக் கழற்றி அந்த இடத்தில் பல் சக்கரம் வைத்து, அங்கிருந்து பைக்கின் சக்கரத்துக்குச் செயின் போட வேண்டும். நாலு மாதம். எத்தனை சனிக்கிழமை வெல்டிங் கடையில் போனதோ! கிக்கரை உதைத்தால் கால் வைக்கிற கம்பியில் இடித்தது. கம்பியை அறுத்தான். என் பால்கனியில் துணி காயவில்லை, இன்ஜின் பாகங்கள் காய்ந்தன.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எங்கள் மகள் நிலாவிடம், "உனக்கு நாலு வயசு ஆகறன்னிக்கு உன்னை முன்னாடி உக்கார வெச்சு மொத ரவுண்டு" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அவள் தினமும் காலண்டரைக் காட்டி இன்னும் எத்தனை நாள் என்று கேட்பாள். நான் முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டில் நான்தான் வில்லி.

ஒன்றே ஒன்று கேட்டேன். ஸ்கூட்டரில் இடது கை லீவர்தான் பின் பிரேக். ஆறு வருஷம் ஓட்டியவள் சொல்கிறேன், இந்தப் பைக்கின் இடது லீவரையும் அப்படியே பிரேக்கோடு இணைத்துவிடு என்றேன். கால் பிரேக் இருக்கிறதே என்றான். அப்புறம் இந்த லீவர் எதற்கு? லீவர் இல்லாவிட்டால் டர்ட் பைக் மொட்டையாகத் தெரியுமாம். எதோடும் இணைக்காமல், அழகுக்கு விட்டுவைத்தான்.

பிறந்தநாள் காலை. அபார்ட்மென்ட்டில் பாதிப் பேர் பார்க்கிங்கில் கூடிவிட்டார்கள். நிலா ஹெல்மெட் போட்டுக்கொண்டு தயார். முதலில் இன்ஜின் சூடாகட்டும், அப்புறம் ஏற்றிக்கொள்கிறேன் என்றான். நான் அவள் கையை விடவில்லை.

ஐந்தாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. புகை. கைதட்டல். ஆனந்துக்குப் பெருமை தாங்கவில்லை. பதினைந்து வருஷம் கியர் பைக் ஓட்டிய கை... கிளட்ச் பிடிப்பதாக நினைத்து இடது லீவரை அழுத்திக்கொண்டு, வலது கையை ஒரு முறுக்கு முறுக்கினான்.

வண்டி பாய்ந்தது. எதிரே இருந்த சைக்கிள் வரிசையில் போய் விழுந்தது. முழங்கால் கிழிந்து, சைக்கிள்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னான்:

"கிளட்ச்ச புடிச்சுட்டுத்தான முறுக்குனேன்..."

"எந்தக் கிளட்ச், ஆனந்த்?"

இன்னும் அரை நிமிஷம் போயிருந்தால் அந்த டேங்க்கின் மேல் நிலா இருந்திருப்பாள்.

ஒரு மாதம் அந்த வண்டியை யாரும் தொடவில்லை. அப்புறம் ஒரு ஞாயிறு, தனியாக ஓட்டிப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது பாய்கிறது, அதற்கு மேல் ஸ்பீடே எடுக்க மாட்டேன் என்கிறது என்று இன்ஜினைப் பிரித்தவன் என்னைக் கூப்பிட்டான். புகை வெளியே போகிற வழி முழுக்கக் கெட்டியாகக் கரி.

"டூ-ஸ்ட்ரோக்க மெதுவாவே ஓட்டுனா இப்படித்தான் புடிக்கும். உங்கம்மாவும் சரி, நீயும் சரி, இத ஒரு நாள்கூட முழுசா முறுக்குனதில்ல போல."

அம்மா ஓட்டிய வேகத்தில்தான் நானும் ஓட்டினேன். சின்ன வயதில் சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திப் போனது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். பயமாக இருந்ததா என்று.

"பின்ன? நீ முன்னாடி நிக்கறப்ப எப்படிடீ முறுக்கறது? ஸ்கூலுக்குப் போவணும், வேற வழி என்ன இருந்துச்சு?"

பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது. அதையும் ஏற்றிக்கொண்டுதான் தினமும் போயிருக்கிறாள். எனக்கு ஸ்கூல் வேன் இருக்கிறது, கேப் இருக்கிறது, காரில் குழந்தைக்குத் தனி சீட் இருக்கிறது. முடியாது என்று சொல்வது எனக்கு எவ்வளவு சுலபம்...

இப்போது கரியைச் சுரண்டியாயிற்று. இடது லீவர் பிரேக்கோடு சேர்ந்தாயிற்று. வண்டி ஒழுங்காகவே ஓடுகிறது. மெதுவாக ஒரே ஒரு ரவுண்டு என்று அப்பாவும் மகளும் கேட்டார்கள். முடியாது என்றேன்.

நேற்று பார்க்கிங்கில் நிலா தன் தோழியிடம் அந்த வண்டியைக் காட்டி இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள். இது எங்கப்பா செய்தது, மம்மி ஏறவே விடமாட்டாள் என்று.

அந்த வயதில் நான் என் அம்மாவைப் பற்றித் தோழிகளிடம் என்னவெல்லாம் பெருமை பேசினேன் என்று யோசித்துக்கொண்டே லிஃப்டில் ஏறினேன்.